சந்தைப்பேட்டையிலிருந்து பாக்கெட் வரை

(பண்ணை வானொலிப் பேச்சு)



"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்று ஒரு பழமொழி உண்டு. நாம் எல்லோரும் ஒரு தடவையாவது பெருமூச்சு விட்டுச் சொல்லியிருக்கிற பழமொழிதான். போன வாரம் என் பேத்தி கேட்டாள்: "தாத்தா, உழக்குன்னா எவ்வளவு?"

"படியில் நாலில் ஒரு பங்கு கண்ணு. ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு. ரெண்டு உழக்கு ஒரு உரி. ரெண்டு உரி ஒரு படி" என்றேன்.

"அப்படின்னா எத்தனை கிராம்?" என்றாள்.

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். எந்த ஊர்ப் படி, அதில் அளந்தது நெல்லா, கம்பா, கடலைக்காயா என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஆனால் எங்க அப்பாரு காலத்தில் அது வேடிக்கை இல்லை. ஒரு குடும்பம் வருஷம் முழுக்கப் பாடுபட்டதில் கொஞ்சம் அந்தப் படிக்குள்ளேதான் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

ஆகவே இன்றைக்கு உரம், பூச்சிமருந்து பற்றிப் பேசப் போவதில்லை. நாம் சந்தைக்கும் கடைக்கும் போய் விற்கிற விதமும் வாங்குகிற விதமும் இந்த எழுபது வருஷத்தில் எப்படி மாறி வந்திருக்கின்றன, அதில் குடியானவனுக்கு வந்தது என்ன, கைவிட்டுப் போனது என்ன என்று கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

சந்தை நாள்

நம் நாட்டில் கடைவீதி இன்று நேற்று வந்ததல்ல. மதுரையில் பகலில் கூடும் நாளங்காடியும் இரவில் கூடும் அல்லங்காடியும் இருந்ததை மதுரைக்காஞ்சி சொல்கிறது. புகார் நகரத்து நாளங்காடியைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. உமணர் என்ற உப்பு வணிகர்கள் வண்டி கட்டிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்கு வந்து, உப்பைக் கொடுத்து நெல்லை வாங்கிப் போனதைச் சங்கப் பாட்டுகளில் பார்க்கிறோம். உப்பு மட்டும் எந்தக் குடியானவனாலும் தன் காட்டில் விளைவிக்க முடியாத பொருள். ஆகவே வாங்குவது என்பதே அநேகமாக உப்பில்தான் தொடங்கியிருக்க வேண்டும்.

ஆனால் நமக்குப் பழக்கமான சந்தை, வாரச் சந்தைதான். நான் கோபிச்செட்டிப்பாளையம் வட்டத்துக்காரன். எங்கள் பக்கம் புஞ்சைப் புளியம்பட்டி என்றால் வியாழக்கிழமை. ஒவ்வொரு பெரிய ஊருக்கும் இப்படி ஒரு கிழமை உண்டு. வியாபாரிகள் இன்றைக்கு ஒரு ஊர், நாளைக்கு அடுத்த ஊர் என்று வாரம் பூராவும் சுற்றி வருவார்கள். ஒரு சந்தைக்கும் அடுத்த சந்தைக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். விடியக்காலம் மாட்டு வண்டி பூட்டினால் போய் விற்று, வாங்கி, இருட்டுக் கட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். வண்டிமாட்டின் நடைதான் சந்தைக்கு எல்லை போட்டது.

எங்க அப்பாரு சந்தைக்குப் புறப்பட்டால் வண்டியில் கடலைக்காய் மூட்டை, கத்தரிக்காய்க் கூடை, காலைக் கட்டிய ரெண்டு கோழி இருக்கும். வாசலில் சுங்கக் குத்தகைக்காரருக்குக் காசு கொடுத்துவிட்டு உள்ளே போவோம். மதியத்துக்குள் கொண்டுபோனது விற்றுவிடும். அந்தக் காசு மடியில் சூடு ஆறுவதற்குள் அதே மைதானத்தில் உப்பு, கருப்பட்டி, மிளகாய், புளி, கருவாடு, அப்பத்தாவுக்கு ஒரு முறம், ஏருக்கு ஒரு கொழு, மாட்டுக்குக் கயிறு என்று வாங்கிவிடுவார். எனக்குப் பொரிகடலை.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்த மைதானத்தில் குடியானவன் காலையில் விற்கிறவன், மதியத்துக்கு மேல் வாங்குகிறவன். கத்தரிக்காயை நம்மிடம் வாங்கின சட்டிக்காரரிடமே நாம் சட்டி வாங்கினோம். ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியும். விலை பேசுவதில் ரெண்டு பக்கமும் வாய் உண்டு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறேன்.

படி சொன்ன பாடம்

அதற்காகப் பழைய காலமெல்லாம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. சந்தையில் ஏமாற்றமும் இருந்தது. அந்த ஏமாற்றம் பெரும்பாலும் அளவில்தான் இருந்தது.

தஞ்சாவூர்ப் பக்கம் நெல்லுக்கு மரக்கால், கலம். எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். எங்கள் கொங்குப் பக்கம் வள்ளம். நிறுக்கிற பொருளுக்குப் பலம், வீசை, மணங்கு. நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு. இன்றைய கணக்கில் வீசை சுமார் 1 கிலோ 400 கிராம், மணங்கு 11 கிலோவுக்குச் சற்று மேலே. இவ்வளவும் வாய்ப்பாடாகத் தெரிந்தால்தான் சந்தையில் நிற்க முடியும். தெரிந்தாலும் போதாது. படி ஊருக்கு ஊர் வேறு. பட்டணம் படி வேறு, சின்னப் படி வேறு. அதைவிடச் சங்கடம், சில வியாபாரிகளிடம் வாங்குகிற படி ஒன்று, விற்கிற படி ஒன்று இருக்கும். குவித்து அளந்து வாங்கி, தலைதட்டி அளந்து விற்பார்கள்.

1957-ல் எனக்கு எட்டு வயசு. ஒரு சந்தையில் அப்பாரு கடலைக்காய் விற்றார். சந்தை பேர் வேண்டாம், வியாபாரி பேரும் வேண்டாம். வீட்டில் அளந்து கட்டியது பத்து வள்ளம். வியாபாரியின் ஆள் அளந்தார். முதல் அளவை "ஒன்று" என்று சொல்லாமல் "லாபம்" என்று சொல்வது வழக்கம். லாபம், ரெண்டு, மூணு என்று ராகம் போட்டு அளந்து, ஒன்பதே முக்காலில் நிறுத்திவிட்டார். கால் வள்ளம் எங்கே போச்சு? "சாக்கில் ஒழுகியிருக்கும்" என்றார். சாக்கைத் திருப்பிப் பார்த்தோம். ஓட்டை இல்லை.

அப்பாரு சண்டை போடவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அடுத்த வாரம் வண்டியில் மூட்டையோடு எங்கள் வீட்டு இரும்புப் படியும் ஏறியது. "இதிலேயும் ஒருக்கா அளந்து பார்த்துக்கலாமுங்க" என்று மரியாதையாகவே சொன்னார். அன்றைக்கு அளவு சரியாக இருந்தது. திரும்பி வரும்போது என்னிடம் சொன்னார்: "கண்ணு, வெலையை மட்டும் பேசிட்டு அளவை அவங்கிட்ட விட்டுட்டா, பேசின வெலைக்கு அர்த்தமே இல்லே."

இது எங்க அப்பாரு கண்டுபிடித்த விஷயம் அல்ல. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஆடவல்லான் என்ற மரக்காலால் நெல் அளக்க வேண்டும் என்று பேர் சொல்லிப் பொறித்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ராஜராஜ சோழன் காலத்திலேயே "எந்த மரக்கால்?" என்ற கேள்வி இருந்திருக்கிறது, பார்த்தீர்களா!

கிலோ வந்த கதை

இந்த அளவுத் தகராறுக்கு இருபதாம் நூற்றாண்டில்தான் சட்டம் போட்டு வழி செய்தார்கள். முதலில் வந்தது பணப்பயிர்களுக்கு. பருத்தி, நிலக்கடலை போன்றவற்றை விற்கப் போனால் தரகு, சாம்பிள், சாக்குக் கழிவு, தர்மத்துக்கு என்று ஏகப்பட்ட பிடித்தங்கள். துண்டுக்குள் கையை விட்டு விரலைத் தொட்டு விலை பேசுவார்கள். பொருளுக்குச் சொந்தக்காரனுக்கே பேசின விலை தெரியாது. இதைத் தடுக்கச் சென்னை மாகாணத்தில் 1933-ல் வணிகப் பயிர்கள் சந்தைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி முதல் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் 1936-ல் திருப்பூரில் பருத்திக்காகத் திறக்கப்பட்டது. இன்று ஈரோட்டில் மஞ்சளும் பெருந்துறையில் கொப்பரையும் ஏலம் போகிற கூடங்களுக்கு அதுதான் மூத்த அண்ணன்.

அடுத்தது காசு. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று ஆயிற்று. அதுவரை ரூபாய்க்குப் பதினாறு அணா. ஓர் அணாவுக்கு ஆறேகால் நயா பைசா வரும். அந்தக் கால் காசு கடைக்காரருக்கா, நமக்கா என்பதுதான் அன்றைக்குச் சந்தையில் பெரிய பேச்சு. இருபத்தைந்து பைசாவை நாம் கடைசி வரைக்கும் நாலணா என்றுதான் சொன்னோம். 2011 ஜூன் மாதத்தோடு அந்தக் காசே செல்லாமல் போய்விட்டது. பேச்சு மட்டும் நிற்கிறது.

பிறகு எடை. 1956-ல் சட்டம் செய்து, 1958 அக்டோபரில் தொடங்கிப் படிப்படியாகக் கிலோகிராமைக் கொண்டுவந்தார்கள். 1962-ல் எடைக்குக் கிலோதான் சட்டப்படியான அளவு என்று நாடு முழுக்க ஆகிவிட்டது. ஆரம்பத்தில் எங்கள் அப்பத்தாவுக்குக் கிலோ பிடிபடவே இல்லை. "வீசையிலே சொல்லு" என்பார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கோபியில் ஒரு கிலோ என்றால் கும்பகோணத்திலும் ஒரு கிலோ. முத்திரை குத்திய எடைக்கல் வேண்டும், தராசையும் அதிகாரி பார்த்து முத்திரை இட வேண்டும் என்று ஆயிற்று. நம் மாநிலத்தில் இன்றைக்கும் தொழிலாளர் துறைதான் இந்த வேலையைப் பார்க்கிறது. படியைச் சுமந்துகொண்டு சந்தைக்குப் போக வேண்டிய நிலைமை, சட்டப்படியாவது, ஒழிந்தது. குடியானவனுக்குக் கிடைத்த பெரிய லாபங்களில் இதுவும் ஒன்று.

டவுன் பஸ்ஸும் பற்று நோட்டும்

வாரச் சந்தையை மெல்ல மெல்லத் தள்ளி வைத்தது டவுன் பஸ். 1972-ல் கோயம்புத்தூரைத் தலைமையிடமாக வைத்துச் சேரன் போக்குவரத்துக் கழகம் வந்தது. மதுரைப் பக்கம் பாண்டியன், சென்னையில் பல்லவன். கிராமங்களுக்குப் பஸ் வர வர, டவுனுக்குப் போக வியாழக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை என்று ஆயிற்று. எந்த நாள் போனாலும் மளிகைக்கடை திறந்திருக்கும். தாளில் கூம்பு சுருட்டி, சணல் நூலால் சுற்றிப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள்.

இதில் சௌகரியம் ரொம்ப. ஆனால் பஸ்ஸில் கடலை மூட்டையை ஏற்ற முடியாது. ஆகவே விற்பதற்குப் போகிற வழி தனி, வாங்கப் போகிற வழி தனி என்று பிரிந்துவிட்டது. விளைச்சல் லாரியில் கமிஷன் மண்டிக்குப் போயிற்று. குடியானவன் மஞ்சப்பையோடு பஸ்ஸில் மளிகைக்கடைக்குப் போனான். அப்பாரு ஒரே நாளில் ஒரே மைதானத்தில் செய்த வேலை ரெண்டாகப் பிரிந்தது இங்கேதான்.

மளிகைக்கடையில் பற்று நோட்டு இருக்கும். கையில் காசு இல்லாத ஆனி ஆடியில் கடைக்காரர் நம்மைக் கைவிட மாட்டார். அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் சில இடங்களில் பற்று ஏறிப்போய், அறுவடை சமயத்தில் "நம்ம கடைக்கே போட்ருங்க" என்று வரும்போது விலை பேச நமக்கு வாய் இருக்காது. இந்தப் பிடியிலிருந்து விடுவிக்கத்தான் 1904-லேயே கூட்டுறவுச் சட்டம் வந்தது. செங்கல்பட்டு மாவட்டமாக அன்று இருந்த திரூரில் விவசாயிகளுக்குக் கடன் சங்கமும், சென்னை திருவல்லிக்கேணியில் மளிகைச் சாமான்களுக்குக் கூட்டுறவுப் பண்டகசாலையும் அந்த வருஷமே தொடங்கின. விற்பவனும் வாங்குபவனும் தாங்களே ஒன்றுசேர்ந்து கடை வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனைக்கு நம் நாட்டில் நூற்றிருபது வயசாகிறது.

ரேஷன் கடை

ரேஷன் என்ற சொல் நம் கிராமத்துக்கு வந்தது இரண்டாம் உலக யுத்த காலத்தில். யுத்தம் முடிந்து, 1952-ல் ராஜாஜி முதல்வராக இருந்தபோது கட்டுப்பாட்டை எடுத்தார். பிறகு தட்டுப்பாடு வந்தபோதெல்லாம் மறுபடி வந்தது. 1972-ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் அமைந்தது. இன்று நம் மாநிலத்தில் அரிசி கார்டு வைத்திருக்கிற எல்லோருக்கும் 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பஞ்சம் என்றால் என்னவென்று தெரியாத ஒரு தலைமுறை வளர்ந்திருக்கிறது என்றால் அதில் இந்தக் கடைக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய கடைவீதி எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தவில்லை. சாதி பார்த்து எட்டி நிற்க வைத்து, பொருளைத் தூக்கிப் போட்ட கடைகள் இருந்தன. கூலியைத் தானியமாக வாங்கின ஏழைப் பெண்கள் அதே தானியத்தைக் கடையில் கொடுத்து எண்ணெய், புளி வாங்கும்போது ரெண்டு பக்கமும் அளவில் இழந்தார்கள். கார்டைக் காட்டி எல்லோரும் ஒரே வரிசையில் நின்று, ஒரே தராசில் வாங்குவது சின்ன மாற்றம் அல்ல.

ஆனால் நம் பக்கத்துக் கணக்கையும் பார்க்க வேண்டும். எங்கள் மேட்டுக்காட்டில் கம்பும் சோளமும் ராகியும் விளைந்தன. வீட்டுச் சாப்பாடும் அதுதான், சந்தைக்குப் போனதும் அதுதான். அரிசி கைக்கு எட்டியதும் கம்பங்கூழ் ஏழை வீட்டுச் சாப்பாடு என்று ஆகி, அதை வாங்குவாரும் விதைப்பாரும் குறைந்தார்கள். 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது. இன்றைக்கு டவுன் கடையில் கம்பு, பளபளப்பான பாக்கெட்டில் அரிசியைவிட அதிக விலைக்கு இருக்கிறது. அதை வாங்குகிறவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. விற்றுக்கொண்டிருந்ததை வாங்குகிறவர்களாக நாம் மாறியது இப்படித்தான்.

எண்ணெயும் அப்படியே. கடலையையோ எள்ளையோ செக்குக்குக் கொண்டுபோனால் எண்ணெய் அடுப்படிக்கு வரும், பிண்ணாக்கு மாட்டுக்கு வரும். 2007 முதல் ரேஷன் கடையில் பாமாயில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. நம் நாட்டுக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இன்று வெளிநாட்டிலிருந்து வருகிறது. ஏழைக்கு எண்ணெய் கிடைத்தது நல்லதுதான். ஆனால் பிண்ணாக்கை நாம் தனியாகக் காசு கொடுத்து வாங்குகிறோம் என்பதையும் கணக்கில் எழுத வேண்டும்.

பாக்கெட் வந்தது

பொட்டலம் பாக்கெட்டாக மாறியது 1970-80-களில். இதில் நம் தமிழ்நாட்டுக்கு ஒரு தனி இடம் உண்டு. ஒரு தடவை தலைக்குத் தேய்க்கிற அளவு ஷாம்பூவைச் சின்னப் பொட்டலத்தில் அடைத்து விற்கலாம் என்று செய்து காட்டியவர் கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன். அவர் குடும்பத்தார் அதைப் பெருவியாபாரமாக வளர்த்தார்கள். மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் தனியாகத் தொடங்கி, சிக் ஷாம்பூவைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார். பாட்டில் வாங்க வசதியில்லாதவரும் சில்லறைக் காசுக்கு வாங்கலாம் என்று ஆயிற்று. பிறகு காப்பித்தூள், ஊறுகாய், மசாலாப்பொடி எல்லாம் சரமாகக் கடை வாசலில் தொங்கத் தொடங்கின.

பாக்கெட்டில் நல்லது என்ன? கலப்படம் செய்ய எல்லோருக்கும் கை எட்டாது. எடை, விலை, கம்பெனி பெயர் எல்லாம் மேலே அச்சடிக்க வேண்டும் என்று 1977-ல் விதிகள் வந்தன. படிக்கத் தெரிந்தால், ஏமாறுவது குறையும்.

கெட்டது என்ன? பாக்கெட்டில் பேரம் கிடையாது. அளப்பதை நாம் பார்க்க முடியாது. விலையை ஏற்றாமல் உள்ளே உள்ள எடையைக் குறைத்தால் நம் கண்ணுக்குத் தட்டுப்படாது. நூறு கிராம் இருந்த பாக்கெட் எண்பது கிராம் ஆகும். அதே நிறம், அதே படம், அதே விலை. கீழே சின்ன எழுத்தில் எடை சரியாகத்தான் போட்டிருக்கும். ஆகவே சட்டப்படி தப்பில்லை. ஆனால் எங்க அப்பாரு இருந்தால் "தலைதட்டிட்டாங்க" என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பார்.

உழவர் சந்தை

விற்கிற வழியும் வாங்குகிற வழியும் பிரிந்துபோயின என்று சொன்னேன் அல்லவா? அவற்றை மறுபடி ஓரிடத்தில் சேர்க்கச் செய்த முயற்சிதான் உழவர் சந்தை. 1999 நவம்பர் 14-ஆம் தேதி மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. விளைவிக்கிறவருக்கு அடையாள அட்டை. கடைக்கு வாடகை இல்லை, தராசு அங்கேயே கொடுப்பார்கள். காலையில் பலகையில் விலை எழுதிவிடுவார்கள். மொத்த விலையைவிட நமக்குக் கூடுதலாகவும், கடை விலையைவிட வாங்குகிறவருக்குக் குறைவாகவும் இருக்கும்படி அந்த விலையை வைப்பார்கள். இடையில் சில ஆண்டுகள் பல ஊர்களில் சந்தை சோர்ந்து கிடந்தது. 2006-க்குப் பிறகு மீண்டும் உயிர் பெற்றது. கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தைக்கு விடிகாலையில் போய்ப் பாருங்கள். ஆள் நகர இடம் இருக்காது.

ஆனாலும் இது பெரும்பாலும் காய்கறி, பழம், கீரைக்குத்தான். அதுவும் பக்கத்துக் கிராமத்துக்காரர், அரை ஏக்கர் ஒரு ஏக்கர் வைத்திருக்கிறவர், விடியக்காலம் எழுந்து போகத் தெம்புள்ளவர் இவர்களுக்குத்தான் சரிவரும். மஞ்சளும் கொப்பரையும் வைத்திருப்பவருக்கு ஒழுங்குமுறை விற்பனைக் கூடமும் மறைமுக ஏலமும்தான் வழி. 2016 முதல் மின்னணு தேசிய வேளாண் சந்தை என்று வந்திருக்கிறது. அதில் சேர்ந்த கூடங்களில் வெளியூர் வியாபாரியும் விலை கேட்க முடியும்.

கையில் செல்போன்

கடைசியாக நம் கண்ணெதிரே நடந்த மாற்றம். 2016 நவம்பர் 8-ஆம் தேதி ராத்திரி ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். அடுத்த வாரச் சந்தைகள் எப்படி வெறிச்சோடிக் கிடந்தன என்பது உங்களுக்கே தெரியும். அதற்குப் பிறகு செல்போனில் பணம் அனுப்புவது வேகமாகப் பரவியது. இன்றைக்கு வாரச் சந்தையில் கீரைக்கட்டு விற்கிற அம்மாவின் கூடையிலும் கட்டம் போட்ட அட்டை சாத்தியிருக்கிறது. பணம் வந்ததும் சின்னப் பெட்டி ஒன்று எத்தனை ரூபாய் என்று தமிழில் சத்தம் போட்டுச் சொல்கிறது. சில்லறைத் தகராறு தீர்ந்தது. ஆனால் காசு மடியில் இருந்து எடுக்கும்போது ஏற்படுகிற தயக்கம் செல்போனில் ஏற்படுவதில்லை. இதையும் கவனியுங்கள்.

2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வீட்டுச் சாமான் வாங்குவது, விலை விசாரிப்பது, ரெண்டு கடை ஏறி இறங்கிப் பார்ப்பது எல்லாம் இப்போது பெண்கள் கையில் இருக்கிறது. கீரை, காய், முட்டை கொண்டுபோய் விற்று வருகிறவர்களும் உண்டு. 2019-ல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்து, 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை என்று அரசே சொல்ல, அப்பாரு காலத்துப் பையும் டவுனுக்குத் திரும்பியிருக்கிறது.

நாம் செய்யக்கூடியது

சரி, இந்தக் கணக்கையெல்லாம் கூட்டினால் மிச்சம் என்ன? வாங்குகிறவன் என்ற முறையில் நாம் மேலே வந்திருக்கிறோம். முத்திரைத் தராசு, அச்சடித்த விலை, ரேஷன் அரிசி, சாதி கேட்காத கடை, வீட்டுக்கே வரும் பஸ் எல்லாம் கிடைத்திருக்கின்றன. விற்கிறவன் என்ற முறையில்தான் பின்தங்கியிருக்கிறோம். ஒரே மைதானத்தில் ரெண்டு பக்கமும் பேசின வாய் இப்போது ஒரு பக்கம் மட்டும்தான் பேசுகிறது. அதை மீட்க நாலு காரியம் சொல்கிறேன்.

முதலாவது, வீட்டில் ஒரு நல்ல தராசு வைத்துக்கொள்ளுங்கள். மூட்டையை நிறுத்து, எடையைச் சாக்கின் மேலே எழுதி, அதற்கப்புறம் வண்டியில் ஏற்றுங்கள். மண்டியில் எடை போடும்போது ஒரு ஆள் பக்கத்தில் நிற்கட்டும். தராசில் முத்திரை இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

இரண்டாவது, ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். இடப்பக்கம் விற்றது, வலப்பக்கம் வாங்கியது. மண்டிச் சீட்டில் கமிஷன், ஏற்று இறக்குக் கூலி, கழிவு என்று பிடித்ததையும் எழுதுங்கள். செல்போனில் செலவழித்ததையும் எழுதுங்கள். மூன்று மாசத்தில் உங்களுக்கே பல விஷயம் விளங்கும்.

மூன்றாவது, பாக்கெட்டில் விலையை மட்டும் பார்க்காமல் எடையைப் பாருங்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளிடம் கொடுத்து, கிலோ கணக்குக்கு என்ன விலை ஆகிறது என்று போடச் சொல்லுங்கள். அவர்களுக்குக் கணக்குப் பாடமும் ஆயிற்று.

நாலாவது, நம் தோட்டத்தில் விளைவதைப் பாக்கெட்டில் வாங்குகிறோமா என்று யோசியுங்கள். வாங்கினால், பக்கத்துக் காட்டுக்காரரோடு சேர்ந்து அதை நாமே சுத்தம் செய்து, நிறுத்து, கட்டி விற்க முடியுமா என்று பாருங்கள். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு 2020 முதல் மத்திய அரசு தனித் திட்டமே வைத்திருக்கிறது. வேளாண் விற்பனைத் துறை அலுவலகத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள். தனி ஆளாகச் செய்ய முடியாதது பத்துப் பேர் சேர்ந்தால் முடியும். சேர்ந்த பத்துப் பேரும் கணக்கை ஒளிக்காமல் வைத்தால் நிலைக்கும்.

எங்க அப்பாருவின் இரும்புப் படி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. பேத்தி உழக்குக்கு எத்தனை கிராம் என்று கேட்ட அன்று அதை எடுத்துக் கொடுத்து, கடலைக்காயைக் குவித்து ஒரு தடவையும், தலைதட்டி ஒரு தடவையும் அளக்கச் சொன்னேன். ரெண்டையும் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தாள். "ஒரே படிதானே தாத்தா, எப்படி வித்தியாசம் வருது?" என்று கேட்டாள். உங்கள் வீட்டிலும் பழைய படி இருந்தால் பிள்ளைகளிடம் கொடுத்து ஒரு தடவை அளக்கச் சொல்லுங்கள். உழுதவன் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். உழக்கு மிஞ்சுகிறதோ இல்லையோ, அது எங்கே போகிறது என்பதாவது தெரியும்.